கல்லாவில் வீட்டுக் கை: மளிகைக் கடையும் குடும்பமும் சேர்ந்து பிழைக்கும் கணக்கு

சின்ன ஊர் மளிகைக் கடை வியாபாரம் இல்லாமல் மூடுவது குறைவு. கூட்டம் நிற்கும்போதே ரேக்கில் இடைவெளி விழும். ஏஜென்சிக்குக் கொடுத்த செக் திரும்பும். லைன் வண்டிக்காரர் “ரொக்கமா இருந்தா இறக்குறேன் அண்ணாச்சி” என்பார். அப்புறம்தான் ஷட்டர் இறங்கும். காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைக்கிறவரின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைப்பணமும் வீட்டுப்பணமும் ஒரே கல்லாவில் கிடக்கிறதே, அங்கேதான் கோளாறு. பள்ளிக்கூடப் பீஸ், மச்சினன் வீட்டு மொய், பைக் தவணை எல்லாம் அதே பெட்டியிலிருந்து போகும். எடுத்தது லாபமா முதலா என்று எடுக்கிறவருக்கே தெரியாது.

மாதம் 6 லட்சம் ரூபாய் விற்கிற, ஒரு பையனை வேலைக்கு வைத்திருக்கிற, வாடகைக் கடை ஒன்றை மனதில் வைத்து இந்தக் கணக்குகளைப் போட்டிருக்கிறோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். போடும் விதம் ஒன்றுதான்.

முதலாளிக்கும் சம்பளம் உண்டு

கடைக்கு நடப்புக் கணக்கு ஒன்று, வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு ஒன்று. கடை க்யூஆர் அட்டை நடப்புக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். வீட்டுச் செலவை மூன்று மாதம் ஒன்றுவிடாமல் எழுதி, வருகிற சராசரியைக் கடையால் தாங்க முடியுமா என்று பாருங்கள். தாங்கும் தொகைதான் உங்கள் சம்பளம். அதை மாதம் ஒரே தடவையாகக் கொடுத்தால் 20ஆம் தேதிக்கு மேல் கை மறுபடி கல்லாவுக்குப் போகும். வாரா வாரம் ஞாயிறு இரவு வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவது பல குடும்பங்களில் நிலைத்து நிற்கிறது.

பணத்தை விடச் சத்தமில்லாமல் போவது சரக்கு. சாயங்காலம் வீட்டிலிருந்து பிள்ளை ஓடிவந்து, “அப்பா, அம்மா அரைக் கிலோ உளுந்தும் ஒரு சோப்பும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க” என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நாளைக்கு 120 ரூபாய்க்குப் போனால் மாதம் 3,600. இதற்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும். ‘வீடு’ என்று பெயர் எழுதி, மற்ற வாடிக்கையாளர் நோட்டுகளோடு அதே ஆணியில் தொங்கவிடுங்கள். வீட்டுக்குப் போகிற ஒவ்வொன்றையும் கொள்முதல் விலையில் எழுதி, ஞாயிறு சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள். மனைவியும் கடையில் நிற்கிறார் என்றால் அவருக்கும் தனியாகச் சம்பளம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த உழைப்பு லாபம் மாதிரித் தெரியும். அவருக்கு உடம்பு முடியாமல் ஆள் வைக்கும் மாதம்தான் உண்மை விளங்கும்.

ராத்திரிக் கணக்கு

பில் மெஷின் இல்லாத கடையில் விற்பனை எவ்வளவு என்று நேரடியாகத் தெரியாது. பின்பக்கமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவு எண்ணிய ரொக்கத்தோடு, அன்றைக்குக் கல்லாவிலிருந்து வெளியே போன தொகைகளையும் யுபிஐ வரவையும் கூட்டுங்கள். காலையில் வைத்த சில்லறையையும், வசூலான பழைய கடனையும் கழியுங்கள். வருவது அன்றைய கைவிற்பனை. அன்றைக்குக் கடன் நோட்டில் ஏறியதைச் சேர்த்தால் மொத்த விற்பனை.

இந்த முறையில் ஒரு பொறி இருக்கிறது. கல்லாவிலிருந்து யாராவது 500 ரூபாய் எடுத்தால் ‘கல்லா குறைகிறது’ என்று கணக்கு காட்டாது. ‘இன்றைக்கு வியாபாரம் 500 ரூபாய் குறைவு’ என்றுதான் காட்டும். அதனால்தான் வெளியே போகிற ஒவ்வொரு தொகைக்கும் ஒரு துண்டுச் சீட்டு அவசியம். கொரியர்க்காரருக்குக் கொடுத்த 40 ரூபாயாக இருந்தாலும் சரி, தேதியும் தொகையும் எழுதிக் கல்லாவுக்குள்ளேயே குத்தூசியில் குத்துங்கள். முதலாளி எடுத்தாலும் சீட்டு. முதலில் சீட்டு எழுதாமல் எடுக்கிறவர் பெரும்பாலும் முதலாளிதான். பையன் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான்.

மாத இருப்பு

சித்திரையில் புதுக்கணக்குப் போடும்போது மட்டும் இருப்பு எடுக்கிற பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஓட்டையைத் தேடி 12 மாதம் பின்னால் போக வேண்டும். மாதக் கடைசி இரவு ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, ரேக் ரேக்காக எண்ணுங்கள். விலை எம்.ஆர்.பி.யில் வேண்டாம், கொள்முதல் விலையில் போடுங்கள். பிரித்த மூட்டையைக் கண்ணால் மதிக்காமல் தராசில் வையுங்கள்.

மாத ஆரம்பத்தில் சரக்கு இருப்பு 7,00,000. மாதத்தில் வாங்கியது 5,55,000. கடைசி இருப்பு 6,91,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 5,64,000. விற்பனை 6,00,000 என்றால் மொத்த லாபம் 36,000, அதாவது 6 சதவீதம். நீங்கள் விலை போட்டிருப்பதோ சராசரி 9 சதவீதம் நிற்கிற மாதிரி. 54,000 வந்திருக்க வேண்டும். செலவுகள்: வாடகை 8,000, கரண்ட் 2,500, பையன் சம்பளம் 9,000, வண்டியும் கவரும் 2,500, ஜிஎஸ்டி 4,000; ஆக 26,000. கையில் 28,000 நிற்க வேண்டிய இடத்தில் 10,000 நிற்கிறது. வீட்டுக்கு 22,000 எடுத்திருந்தால் மீதி 12,000 கடையின் முதல் பணத்திலிருந்து போயிருக்கிறது. இப்படி ஒரு வருடம் போனால் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறையச் சரக்கு காலி. கடையில் ரேக் வெறிச்சோடுவது இதனால்தான்.

அந்த 18,000 எங்கே போனது என்று தேடும்போது பையன் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால், எழுத மறந்த கடன், வீட்டுக்குப் போன சரக்கு, தேதி முடிந்து ஏஜென்சி திரும்ப எடுக்காத பாக்கெட், கடைசியில் தராசு, இந்த வரிசையில் பாருங்கள்.

ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்

துவரம்பருப்பு 50 கிலோ மூட்டை, கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 5,500. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 60. அரைக் கிலோவாகக் கட்டிக் கொடுத்தால் 100 தாள் கவர், ஒன்று 1 ரூபாய் வீதம் 100. ஆக 5,660. சலித்தால் தூசும் நொறுங்கலும் 300 கிராம் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் தட்டு தாழட்டும் என்று 3 கிராம் கூடப் போட்டால் 100 பொட்டலத்துக்கு இன்னொரு 300 கிராம். காசாக மாறுவது 49.4 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 114 ரூபாய் 57 காசு.

கிலோவுக்கு 8 ரூபாய் வைத்து 118க்கு விற்றால் மூட்டைக்கு 400 நிற்கும் என்பது மனக்கணக்கு. உண்மையில் நிற்பது 169 ரூபாய். அளக்கும்போது முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று எண்ணுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த லாபம் 3 கிராம் 3 கிராமாகத் தட்டிலேயே சிந்திப்போகிறது. வெல்லமும் புளியும் இதைவிட மோசம்: ஈரம் காய்ந்து மூட்டைக்குள்ளேயே எடை குறையும். அவற்றுக்கு விலை போடும்போது எவ்வளவு குறைகிறது என்று இரண்டு மூட்டையை வாங்கிய அன்றும் தீர்ந்த அன்றும் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. 100க்கு வாங்கி 110க்கு விற்றால் லாபம் 10 சதவீதம் என்கிறோம். விற்பனையில் அது 9.09 சதவீதம்தான். வாடகையும் வரியும் விற்பனைப் பணத்திலிருந்து போவதால், எப்போதும் விற்பனை மேலேயே சதவீதம் போடுவது நல்லது.

கடன் நோட்டு

கடன் கொடுக்காமல் சின்ன ஊரில் மளிகை நடத்த முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சாமர்த்தியம். 8 சதவீதம் நிற்கிற சரக்கில் 1,000 ரூபாய் வராக்கடன் ஆனால், அதை ஈடுகட்ட 12,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். இந்த ஒரு கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் கை தானாக இறுகும்.

குடும்பத்துக்குச் சம்பளம் வரும் தேதியைக் கேட்டு நோட்டின் தலைப்பிலேயே எழுதுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு 5ஆம் தேதி, மில் வேலைக்காரருக்கு வாரச் சனி, விவசாயிக்கு அறுவடை. எல்லை ஒரு மாத மளிகைக்கு மேல் போக வேண்டாம். இரண்டு நோட்டு வைப்பது பழைய நல்ல முறை: ஒன்று அவர்கள் வீட்டில், ஒன்று கடையில், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. மாதக் கடைசியில் கூட்டி, ‘பாக்கி இவ்வளவு’ என்று எழுதி, கடை நோட்டில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். சரக்குக் கடனுக்குப் பொதுவாக 3 வருடம்தான் காலவரம்பு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். சின்னக் கடனுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. கையெழுத்தின் உண்மையான பயன், “நான் அவ்வளவு வாங்கலையே” என்ற பேச்சு எழாமல் இருப்பது.

கேட்கும் விதத்தில்தான் பாதி வசூல் இருக்கிறது. கூட்டத்தில் கேட்கவே கூடாது. மானம் போனவர் அடுத்த நாள் எதிர்க் கடைக்குப் போவார், நம் கடன் நோட்டிலேயே நிற்கும். ஆளில்லாத மதியத்தில், “அண்ணே, போன மாசம் 2,340 நிக்குது. இப்ப ஆயிரம் குடுங்க, இந்த மாசச் சாமானுக்கு அப்பப்ப காசு குடுத்துருங்க, மிச்சத்தை ரெண்டு மாசத்துல முடிச்சுக்கலாம்” என்று தொகையும் வழியும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பாக்கி இருக்கும்போதே புதுக்கடன் ஏற்றுவதை நிறுத்தி, சாமான் கொடுப்பதை நிறுத்தாமல் இருப்பது தான் இதில் நுட்பம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எல்லா நோட்டும் வீங்கும். அதை எதிர்பார்த்து மே மாதக் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்டல் வாங்குவதற்கு முன்

ஏஜென்சிக்குப் பணம் குறையும் வாரத்தில் தண்டல்காரர் வண்டி வாசலில் நிற்கும். 10,000 ரூபாய் கடன், கையில் 9,000, நாளைக்கு 100 வீதம் 100 நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், 100 நாளில் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,600 ரூபாய் அளவுதான். அதற்கு 1,000 வட்டி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம். 9 சதவீதத்தில் விற்கிற சரக்கு இதைத் தாங்காது. ஆறு நாளில் விற்றுத் தீர்கிற பண்டிகைச் சரக்குக்குக்கூட அதே 100 நாள் கட்ட வேண்டியிருக்கும். பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும், தீபாவளிக்கு எண்ணெயும் மைதாவும் தேவைப்படும் என்பது வருடம் முழுவதும் தெரிந்த செய்தி. மாதம் 6,000 ரூபாயைக் கடை இருப்பாக ஒதுக்கினால் அந்த இரண்டு கொள்முதலுக்கும் வெளியே கை நீட்ட வேண்டியிருக்காது. சீட்டுப் போடுவதென்றால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தில் மட்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி அபராதம் வரும், செக்கிலோ வங்கி வழியாகவோ வாங்குங்கள்.

சரக்கு கெடும் வழிகள்

மூட்டையைத் தரையில் போடாதீர்கள். அரை அடி உயர மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் ஈரம் ஏறாது, பின்னால் எலி ஓடுவதும் தெரியும். புது மூட்டை வந்தால் பழையது முன்னால் வர வேண்டும். அவசரத்தில் மேலேயே போட்டுவிடுவதால்தான் அடி மூட்டையில் வண்டு பிடிக்கிறது. ரவை, மைதா, கடலை மாவு ஆகியவற்றை வெயில் காலத்தில் இரண்டு வாரச் சரக்குக்கு மேல் வாங்க வேண்டாம். டீத்தூள், அரிசி, மாவு பக்கத்தில் ஊதுபத்தியும் பினாயிலும் சோப்பும் இருக்கவே கூடாது. அரிசியில் ரோஜாப்பூ வாசனை வருகிறது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். அதை விற்கவும் முடியாது, வீட்டில் சமைக்கவும் முடியாது. உப்பு மூட்டையும் வெல்லமும் ஒட்டி இருந்தால் மழைக்காலத்தில் இரண்டும் கசியும்.

வண்டுக்குச் செல்பாஸ் மாத்திரை வைப்பதை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். முன்னால் கடை, பின்னால் அல்லது மாடியில் வீடு என்று இருக்கும் கட்டடங்களில் இது ஆளைக் கொல்லும். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பி, கதவிடுக்கு வழியாகத் தூங்குகிற அறைக்குள் போகும். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய மருந்து அது. வண்டு கண்ட மூட்டையைச் சலித்து, வெயிலில் காயவைத்து, தேறாததை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

முத்திரை, பதிவு, வரி

மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை, இரும்புப் படிக்கற்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முத்திரை. சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பது சட்டப்படி தடை. ஊரெல்லாம் விற்கிறார்கள் என்பது ஆய்வாளரிடம் செல்லாது. பிளாஸ்டிக் கைப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கிடையாது.

ஜிஎஸ்டியில் பலர் சறுக்குவது, பதிவு கட்டாயமாகும் 40 லட்ச வருட விற்பனை வரம்பைக் கணக்கிடும்போது. வரியில்லாத சில்லறை அரிசி, பருப்பு விற்பனையும் அதில் சேரும். மாதம் 6 லட்சம் என்றால் வருடம் 72 லட்சம், பதிவு கட்டாயம். ஒன்றரைக் கோடி வரை தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேரலாம்: வரியுள்ள சரக்கின் விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது, வாங்கிய சரக்கில் கட்டிய வரியும் திரும்பாது. ஆகவே அது கடைச் செலவு. மேலே 4,000 போட்டது அதனால்தான். எடையும் பெயரும் ஒட்டி முன்கூட்டியே கட்டி வைத்த பருப்புக்கு வரி உண்டு, ஆள் வந்தபின் எடை போட்டுக் கொடுப்பதற்கு இல்லை.

வீட்டு மின் இணைப்பிலிருந்து கடை ஃப்ரிட்ஜுக்கு ஒயர் இழுத்திருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பிடிபட்டால் வருகிற அபராதம் ஃப்ரிட்ஜ் விலையைத் தாண்டலாம்.

நேரம்

நாள் முழுக்கத் திறந்திருந்தால்தான் வியாபாரம் என்பது பயத்தில் வருகிற எண்ணம். இரண்டு வாரத்து யுபிஐ வரவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எந்த மணிக்கு எவ்வளவு வந்தது என்று நிமிடத்தோடு இருக்கும். மதியம் இரண்டு முதல் நாலு வரை 300, 400 ரூபாய்தான் வருகிறது என்றால் அதில் நிற்கிற லாபம் 30 ரூபாய் சொச்சம். அடைத்துவிட்டுப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் படுங்கள். வேலைக்கு இருக்கிற பையனுக்கும் உட்கார நாற்காலி வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் அது சட்டம். 14 வயது முடியாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தப் பிள்ளை பள்ளி விட்ட பிறகு உதவலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதத்தில் அந்தப் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன; அது சரியில்லை.

அவர் இல்லாத நாளுக்கு

ஒருவர் பெயரில் நடக்கிற கடையில், அவர் போய்விட்டால் கடன்காரர்கள் முதலில் வருவார்கள், கடன் வாங்கியவர்கள் வரவே மாட்டார்கள். அதற்காக ஒரு டெர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருகிற ஆயுள் காப்பீடு. எடுக்கும்போது 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் வேண்டும் என்று அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுங்கள். கடன்காரர் யாரும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. எடுத்த பிறகு சேர்க்க முடியாது என்பதால் ஏஜென்ட்டிடம் முதலிலேயே கேட்க வேண்டும். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் என்றால் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் கிடைக்கும். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தத் தொகை இல்லாவிட்டால் இரண்டும் விட்டுப்போகும். 10 வயது முடியாத பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு, வருடம் 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை.

கடைசியாக ஒரு கோப்பு: வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது, ஜிஎஸ்டி, உணவுப் பதிவு, தராசுச் சான்று, சீட்டுப் புத்தகம், பாலிசிகள், எந்த ஏஜென்சிக்கு எவ்வளவு பாக்கி என்ற தாள். அந்தத் தாளை மட்டும் மாதம் ஒருமுறை, இருப்பு எடுக்கிற அதே இரவில், மனைவி கையெழுத்தில் புதிதாக எழுதச் சொல்லுங்கள். கோப்பு கடையில் வேண்டாம், வீட்டு அலமாரியில் இருக்கட்டும். கடைச் சாவியின் இன்னொரு செட்டும் அதே தட்டில்.